ஏழாம் பக்கத்து டிக்

வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் காலை பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஒரே கவலைதான். அடுப்பை அணைத்தேனா, இல்லையா? அந்த வேலைக்குப் போன பிறகு இன்னொன்றும் கூடவே ஏறிக்கொண்டது. இன்றைக்கு எனக்கு எத்தனை விஷயம் புரியாமல் போகும்?

வேலையே அதுதான். முதலில் கூட்டிப் பெருக்கி டீ போடத்தான் சேர்ந்தேன். ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் நடத்திய சின்ன ஆபீஸ். லாட்ஜ்காரர்கள் தங்க வருகிறவர்களுக்கு அனுப்பும் இமெயிலுக்கு மாதிரிக் கடிதம் தயாரிக்க ஒரு கருவி செய்திருந்தார்கள். அதை வைத்துக் கடிதம் எழுதுவது ஆள் இல்லை, ஏஐ ஏஜென்ட். பஸ் ஸ்டாண்டில் ரூம் பிடித்துத் தர ஓடி வருவார்களே, அவர்களைப் போல. ஆனால் கை கால் கிடையாது. பெயர், தேதி, அறை எண் வரும் இடங்களைக் காலியாக விட்டு எழுதி வைத்துக்கொள்ளும். யாராவது புக் செய்ததும் காலி இடங்களை நிரப்பி அனுப்பிவிடும். இவ்வளவு விளங்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. இப்போதும் சரியாகத்தான் சொல்கிறேனா, தெரியவில்லை.

அந்தக் கருவிக்குத் தமிழில் ஒரு விளக்கம் எழுதினார்கள். லாட்ஜ்காரர்களும் அதைப் படிப்பார்கள், ஏஜென்ட்டும் அதையே படித்து நடக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

"உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்க்கா" என்று, இருவரில் மூத்தவரான மேடம் அந்த விளக்கத்தை ஒரு கட்டுத் தாளாகக் கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் இரண்டு கட்டங்கள். புரிந்தது, புரியவில்லை.

என் வீட்டுக்காரர் பூண்டுக் காட்டிலிருந்து வந்ததும் இதைக் கேட்டுச் சிரித்தார். "புரியலைன்னு சொல்றதுக்கு ஒரு சோலியா? அப்ப நீ வெரசா மேனேஜர் ஆயிருவ புள்ள."

எனக்கோ அந்த இரண்டாம் கட்டத்தில் கை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் "புரிஞ்சதா?" என்று கேட்டால் தலையாட்டிப் பழகியவள் நான். ஒரு பக்கத்தில் இரண்டு 'புரியவில்லை' போட்டுவிட்டால், மூன்றாவதற்குப் பயம் வந்துவிடும். இவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அனுப்பிவிட்டால்? துடைப்பத்துக்கும் திரும்ப முடியாது. அதற்கு வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள்.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'விவரம் கிடைக்காத இடத்தில் கீழுள்ள உதாரணத்தைப் பின்பற்றவும்.' கீழே, 'உங்கள் அறை எண் 4.' நாலு என்றே போட வேண்டுமா, அல்லது நாலு சும்மா பார்ப்பதற்கா? பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். இதைப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. 'புரிந்தது' என்று டிக் போட்டுவிட்டு எட்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

கருவியை முதலில் வாங்கியது பழனியில் ஒரு லாட்ஜ். இரண்டாம் வாரமே அங்கிருந்து போன் வந்தது. மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, நாலாம் நம்பர் ரூமுக்கு நாலு குடும்பம் வந்து நிக்குது. நாலு பேர் கையிலயும் உங்க மெயிலு. படி கட்டி கொலு வைக்கவா?"

"நீங்க ரூம் நம்பர் குடுக்கலையா சார்?"

"ஆள் வந்தப்புறம் சாவியப் பாத்துதான நம்பரு குடுப்போம்? வேற ரூமு கெடக்கு, அது பிரச்சனை இல்ல. ஒருத்தரும் நாலை விட்டுக்குடுக்க மாட்டேங்குறாங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்க மெஷினே வேணாம்."

தம்பி கம்ப்யூட்டரில் தேடினார். மேடம் என் தாள்கட்டைப் புரட்டினார். ஏழாம் பக்கம் வந்ததும் நிறுத்தினார். டிக் பளிச்சென்று இருந்தது.

"இங்க புரிந்ததுன்னு போட்டிருக்கீங்களேக்கா. என்ன புரிஞ்சது?"

"ஒண்ணும் புரியலைங்க மேடம். நாலுன்னே போடணுமான்னு சந்தேகம் வந்துச்சு. கேக்க வெக்கமா இருந்துச்சுங்க."

"ஏஜென்ட்டும் கேக்கல, நாலுன்னே போட்டுருச்சு" என்றார் தம்பி. "ரெண்டு பேரும் ஒரே கிளாஸ் போல."

திட்டுகிறாரா, கேலி செய்கிறாரா என்று தெரியவில்லை. "நாளையிலருந்து வர வேணாமாங்க?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"வாங்க. ஃபர்ஸ்ட் பேஜ்ல இருந்து திரும்பப் படிங்க. இன்னொரு பொய் டிக் பாத்தேன்னா, அப்பதான் வர வேணாம்னு சொல்வேன்."

மறுநாள் வெள்ளனே போய் உட்கார்ந்தேன். முதல் பக்கம், முதல் வரி. 'நீங்கள் முதலில் கடிதத்தின் நோக்கத்தைச் சொல்லவும்.' இதற்கும் முன்பு டிக் போட்டிருந்தேன்.

"தம்பி, இதுல நீங்கள்னு சொல்றது லாட்ஜ்காரரையாங்க, ஏஜென்ட்டையாங்க?"

"ரெண்டு பேரையும்தான்."

"அப்ப யாரு சொல்லணும், யாரு கேட்டுக்கணும்?"

தம்பி தாளை அக்காவிடம் நீட்டினார். மேடம் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, 'நீங்கள்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தப்பாக ஏதாவது கேட்டுவிட்டேனோ என்று தோன்றியது. பழைய டிக்கை அடித்துவிட்டு, இரண்டாம் கட்டத்தில் ஒன்று போட்டேன். இரண்டாம் வரிக்குப் போகலாமா என்று கேட்கப் பயமாக இருந்தது.