"டிரிகர் டைட்டா இருக்கு, அண்ணே"

துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிறவனிடம் வந்து "எனக்குச் சுடத் தெரியவில்லை" என்று சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் டிரிகர்தான் கனம். சிங்கப்பூரில் வேட்டையாடக் காடு ஏது? நான் இருப்பது துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றின் பின்னறையில். காகித இலக்கைச் சுடும் ஏர் ரைபிள்களுக்கு நான்தான் டாக்டர். நீங்கள் ஹேண்ட்போன் ரிப்பேர் பார்ப்பவராக இருந்தாலும் என் பாடு உங்களுக்குப் புரியும்.

அல்வா

சுப்ரா அங்கிள் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பிடோக்கிலிருந்து வருவார். அவருடைய ஏர் ரைபிள் முயல் வேட்டைக்கென்று எங்கோ செய்தது, கிளப் பெட்டகத்திலேயே பூட்டியிருக்கும். டிரிகரை இழுப்பதற்குள் நாக்குத் தள்ளுகிறது என்றார். நானும் இழுத்துப் பார்த்தேன், பொய்யில்லை. கழற்றினால் உள்ளே அல்வா. நம் ஊர் ஈரத்துக்குத் துருப்பிடிக்குமே என்று வாராவாரம் எண்ணெய் விட்ட மனுஷர், ஒரு தடவைகூடத் துடைக்காததில் எண்ணெயெல்லாம் பிசினாக இறுகிக் கிடந்தது.

பிசினையெல்லாம் கழுவி, உரசுகிற இடத்தில் மட்டும் பொட்டு வைக்கிற அளவு கிரீஸ் தடவிக் கொடுத்தேன். டிரிகர் சொன்னபடி கேட்டது. அங்கிள் சுட்டுவிட்டு வந்தார். காகிதத்தில் ஓட்டைகள் பழையபடியே மூலைக்கு ஒன்றாக. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்: "இனிமே நான் யாரைத் தம்பி குத்தம் சொல்றது?"

பின்னறையில் வராத வலி

ஜெசிந்தா பாசிர் ரிஸ் பக்கத்துப் பெண், பல் கிளினிக்கில் வேலை. கிளப் அணியில் சேர வேண்டும் என்பது அவளுக்கு வெறி. போன தடவை மயிரிழையில் போய்விட்டது. இந்தச் சனிக்கிழமை மறுபடி தேர்வு. "டிரிகர் டைட்டா இருக்கு, அண்ணே. ஆரம்பத்துல ஓகே, பாதியில கனமாயிடுது" என்றாள்.

இது நான் கேள்விப்படாத வியாதி. டிரிகரில் மாட்டி இழுத்தால் எத்தனை கிராம் என்று காட்டும் சின்னத் தராசு ஒன்று உண்டு. மாட்டினேன், சரியான எடை. கழற்றினேன், உள்ளே சுத்தம். அவளே இழுத்துப் பார்த்து, இங்கே நன்றாகத்தான் இருக்கிறது என்று முழித்தாள். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதை.

இன்னும் லேசாக்கச் சொன்னாள். அதற்குமேல் லேசாக்கினால் பின்கட்டையைத் தட்டினாலே சுட்டுவிடும், முடியாது என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று. "இந்தத் தடவையும் போச்சுன்னா, சத்தியமா நான் ரைபிளைத் தொடவே மாட்டேன்."

டிஷ்யூ பாக்கெட்

மறுநாள் தராசைத் தூக்கிக்கொண்டு சுடும் கூடத்துக்கே போனேன். ஜெசிந்தா கடைசி இடத்தில் நின்றாள். ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடைகளில் மேசை பிடிப்பதுபோல் சீக்கிரமே வந்து, டிஷ்யூ பாக்கெட் வைத்து அந்த இடத்தை 'சோப்' பண்ணிவிடுவாளாம், அதாவது தனக்கென்று பிடித்து வைத்துவிடுவாளாம். ஏனென்றால் நேர் மேலே ஏர்கான். கனத்த சுடும் ஜாக்கெட்டுக்குள் வேர்த்து ஊற்றுமல்லவா?

பாதியில், "இப்ப கனம்" என்றாள். தராசை மாட்டினேன், அதே எடை. ரைபிளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் விரல் என்மேல் பட்டது. ஈரச்சந்தை மீன் மாதிரி ஜில்லென்றிருந்தது. உடம்புக்கு ஜாக்கெட், விரலுக்கு ஒன்றுமில்லை. மரத்துப்போன விரலுக்கு டிரிகர் எங்கே தெரியும்? என் பின்னறையில் மின்விசிறி மட்டும்தான். கீழே ஓடி, பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சூடான பாலில்லாக் காப்பி, அதான் கோப்பி ஓ, ஒரு பாக்கெட் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். விரல் சூடானது, டிரிகர் லேசானது. "அடப்பாவமே, இந்த இடத்துக்கா நான் அடிச்சுப் பிடிச்சு ஓடிவந்தேன்?"

சனிக்கிழமை

தேர்வன்று இடத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஜெசிந்தாவுக்கு விழுந்தது அதே கடைசி இடம். என்னைப் பார்த்தாள். நான் கோப்பிக்கு ஓடினேன். குடிக்கக் கூடாது, கையில் பிடித்துக்கொள்ளலாம் என்றார் பயிற்சியாளர். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் அந்தப் பாக்கெட்டை விரலால் அணைத்துக்கொண்டாள். அணியில் அவள் பெயர் வந்தது. ஆறிப்போன கோப்பியோடு பின்னறைக்கு வந்தாள். "டிரிகரை என்ன செஞ்சீங்கன்னு எல்லாரும் கேக்கிறாங்க, அண்ணே. சொல்லிடட்டுமா?"

வேண்டாம் என்றேன், பிழைப்பு இருக்கிறதே. அடுத்த வாரம், ராசியான இடமென்று கடைசி இடத்தில் வேறொருவரின் டிஷ்யூ பாக்கெட். சிறிது நேரத்தில் சுப்ரா அங்கிள் ரைபிளோடு வந்து நின்றார். "தம்பி, மறுபடியும் டைட்டாயிடுச்சு லா."

இப்போதெல்லாம் நான் வருகிறவர் கையை முதலில் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்குரூடிரைவரை எடுக்கிறேன்.