பூட்டில்லாத ரயில்

நாற்காலியின் முதுகில் மஞ்சள் பலகையை மாட்டிவிட்டுத்தான் கணினியைத் தொடுகிறார். ‘வேலை நடக்கிறது, ஏறாதீர்கள்’ என்று அதில் எழுதியிருக்கிறது. லிஃப்ட் வாசலில் தொங்கவிடக் கம்பெனி கொடுத்த பலகை. கணினி விளையாட்டுக்கு அப்டேட் வரும் நாட்களில் வீட்டுக்குள் வந்துவிடும். “இத மாட்டலேன்னா கைக்கு வேலை ஓட மாட்டேங்குது” என்கிறார்.

லிஃப்ட் மெக்கானிக். எங்கள் எதிர்வீட்டுக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. விசைப்பலகையில் கிரீஸ் ஒட்டக் கூடாது என்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஈரக் கைகளை அந்தரத்தில் பிடித்தபடி வருவார். யாரோ கொடுக்கப்போகும் குழந்தைக்காகக் காத்திருப்பவர் போல இருக்கும்.

பூட்டுப் போட்ட விளையாட்டுகளை அவர் வாங்குவதில்லை. அவை, விற்ற கம்பெனியிடம் நெட் வழியாக உத்தரவு கேட்டுத்தான் திறக்கும். ஆனால் அப்டேட் தானாக வந்து இறங்கிவிடும். பூட்டில்லாதது யாரையும் கேட்காமல் ஓடும். அதற்கு அப்டேட் மட்டும் மெதுவாக வரும். விற்ற கடையின் இணையப் பக்கத்தில் போய்த் தேடி எடுத்து, வரிசை தப்பாமல் நாமே ஏற்ற வேண்டும்.

“காசு குடுத்து வாங்கின சட்டைய மாட்டறதுக்குத் தெனம் தையக்காரன்கிட்ட கேக்க முடியுமா தம்பி?”

“அந்தச் சட்டைக்கு பட்டன் மட்டும் அடுத்த மாசம்தான் வரும்” என்றார் அவர் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

விளையாட்டில் இவருக்குக் கூட்டாளி, வெளியூரில் இருக்கும் அக்கா. போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் இருவருக்கும் சண்டை வந்துவிடும். அதே இருவர் திரைக்குள் சேர்ந்து ஊர் கட்டும்போது, ஹெட்போன் காது சுடுமளவு பேசுகிறார்கள். மலையை எந்தப் பக்கம் குடைவது, சின்ன வயதில் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை உடைத்தது யார், எல்லாம் அங்கேதான்.

அக்காவுடையது பூட்டுப் போட்டது; அவர் மகன் ஏற்றிக்கொடுத்தது. அது அப்டேட் ஆனதும் இவருடையது பழசாகிவிடும். இரண்டும் ஒத்துப்போகும்வரை ஊருக்குள் இவரால் நுழைய முடியாது. போன தடவை, தம்பிக்காக அப்டேட்டைத் தடுக்கிறேன் என்று அக்கா நெட்டையே பிடுங்கி வைத்தார்.

“நெட் இல்லாம நான் எப்படிக்கா உள்ள வர்றது?”

“எனக்கென்ன தெரியும்? நீதானே மெக்கானிக்கு.”

இந்த முறை அக்காவுக்குக் காலில் மாவுக்கட்டு, நீண்ட விடுப்பு. இருவரும் மலையைச் சுற்றி ரயில் பாதை போட்டுவிட்டார்கள். முதல் வண்டி கிளம்பும் முன் அக்காவுக்கு அப்டேட் வந்து தொலைத்தது. “திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்டா. அப்புறம் எனக்கு உக்கார ஏது நேரம்? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். வரலேன்னா வண்டிய எடுத்துருவேன்.”

“அக்காகிட்ட இருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்” என்றார் மனைவி. இவர் அந்த வாரம் லிஃப்ட் கூண்டின் உச்சியில் நின்றுகொண்டும் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தாராம்.

ஞாயிறு மதியம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு அப்டேட்டுகள் சேர்ந்து.

பழுது பார்த்த லிஃப்டில் முதலில் தான் மட்டும் ஏறி, மேலும் கீழும் போய்வந்த பிறகே பிறரை ஏற்றுவார். விளையாட்டிலும் அதே சட்டம்: பழைய பிரதியை ஓரமாக வைத்துவிட்டு, புதிதை ஏற்றி, தனியாக ஒரு சுற்று. அன்று அவசரத்தில் இரண்டாவதை முதலில் ஏற்றிவிட்டார். திரை கறுத்தது, அப்படியே மூடிக்கொண்டது.

“லிஃப்ட்ல இந்த வேல பண்ணியிருந்தா தோல உரிச்சிருப்பாங்க” என்று தன்னையே திட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பழைய பிரதியிலிருந்து மறுபடி தொடங்கினார். சன்னலில் வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

“டேய், இருட்டப் போகுது.”

“ஏறிக்கிட்டிருக்குக்கா.”

“உன் அப்டேட்டு என்ன, மாட்டு வண்டியிலயா வருது?”

“வெச்சுட்டு ஹெட்போன மாட்டு.”

சட்டென்று திரையில் ஊர் விரிந்தது. மலை, பாதை, நடைமேடையில் புகைவிட்டு நிற்கும் வண்டி. எஞ்சினில் யாருமில்லை. அக்காவின் பொம்மை நடைமேடையின் அந்தக் கோடியில், ஒரு பெஞ்சை ஒட்டி நின்றிருந்தது. இவர் நேராகப் போய் வண்டியில் ஏறினார்.

“காலி வண்டி ஓட்டிப் பாக்கலியா?” என்று கேட்டார் மனைவி. அது காதில் விழவில்லை.

“ஏறுக்கா.”

அக்காவுக்கு நடக்கிற விசைகள் இன்னும் பழகவில்லை. தூணில் முட்டி, திரும்பி, இன்னொரு தூணில் முட்டி அந்த உருவம் வந்துகொண்டிருந்தது. வண்டி ஊதியது. இவருடைய வலக்கை மவுஸின் மேல் இருந்தது. இடக்கை விசைப்பலகையை விட்டு எழுந்து, திரையின் ஓரத்தில், விரல்களை விரித்தபடி, மூடப்போகும் லிஃப்ட் கதவு ஒன்றைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.