ஞாயிறு நடையும் அவிழ்த்துவிட்ட நாய்களும்

ஞாயிறு காலையில் ஆட்களைக் குன்றுக்குக் கூட்டிப்போவது என் தொழில். வழி தெரிந்தால் போதும் என்று நம்பி இறங்கினேன். நடக்கப்போய் நாயிடம் மாட்டித் திரும்பிய அன்பர்களே, உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவேன்?

குற்றவாளி நான்

ஷபானா ஆம்பூரில் தோல் கம்பெனித் தையல்காரர். சர்க்கரைக்காக நடக்க வந்தார். நாய் என்றாலே அவருக்கு நடுக்கம். "நாய்க்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துத்தான் சேர்த்தேன்.

முதல் நடையிலேயே அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று பாய்ந்து வந்தது. குறுக்கே நின்றேன், என் பேன்ட் கிழிந்தது. போனை நோண்டிக்கொண்டே பின்னால் வந்த நாய்க்காரர் என்னைத்தான் கண்டித்தார்: "நீங்க பயந்ததாலதான் மேடம் அது பயந்துடுச்சு!"

செருப்பு வாசம்

இன்னொரு ஞாயிறு தெருநாய்கள் கூட்டமாக எங்கள் பின்னாலேயே மலையேறின. ஷபானா என் கையை விடவே இல்லை. பார்த்தால், எல்லா நாயும் எங்களோடு நடக்க வந்த ரஹீம் பாய் காலைத்தான் முகர்கின்றன. அவர் தோல் மண்டியில் பச்சைத்தோலுக்கு உப்புப் போடுகிறவர். பாவம், பசித்த நாய்கள். அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. பாய் மேல்தான் எரிந்து விழுந்தேன்.

"லேட்டானா நீங்க கத்துவீங்கன்னுதான் மேடம், செருப்புகூட மாத்தாம மண்டியிலேர்ந்து நேரா வந்துட்டேன்."

எக்ஸ்போர்ட் பீஸ்

இதை நினைத்தால் இன்னும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கொழுகொழுவென்று ஒரு வெளிநாட்டு ஜாதி நாய் மேலிருந்து ஓடி வந்து ஷபானாவைத் தள்ளிவிட்டது. கடைசி ஆளாக வந்துகொண்டிருந்த நான் ஓடிப் போவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. தையல்காரருக்குக் கை போனால் பிழைப்பே போச்சே! என் வாக்கும் போச்சு.

நாய்க்குச் சொந்தக்காரர் நிதானமாக இறங்கி வந்தார். ஷபானாவின் கம்பெனி மேனேஜரேதான். அந்தக் கம்பெனி தைப்பதே நாய் பெல்ட். பெட்டி பெட்டியாக ஜெர்மனிக்குப் போகிறது.

"அதுல ஒண்ணு உங்க நாய்க்குப் போடக் கூடாதா சார்?" என்று கத்தினேன்.

"அதெல்லாம் எக்ஸ்போர்ட் பீஸ் மேடம். வெளியே எடுக்கக் கூடாது."

கம்பெனியில் அவர் முன்னால் வாயே திறக்காத ஷபானா, வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தையல் கோணலா போச்சுன்னு நாங்க தைச்ச பீஸை வெட்டிப் போடறீங்களே சார், அதுல ஒண்ணை இது கழுத்துல மாட்டியிருந்தா இன்னா?"

ஆம்பூர் பெல்ட் மாட்டிய ஜெர்மனி நாய்கள் ஒழுங்காக வாக்கிங் போகின்றன. அதைத் தைத்த ஷபானாதான் கழுத்தில் பெல்ட் மாட்டி, கட்டுப்போட்ட கையை அதில் தொங்கவிட்டபடி வீட்டோடு கிடக்கிறார்.