வசந்தா டீச்சர் இல்லாத கணக்கு வகுப்பு

காலை வழிபாட்டு நேரத்தில் தலைமையாசிரியரின் செல்போன் அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசியவர் நேராக என்னிடம் வந்தார். "தமிழையா, நம்ம வசந்தா டீச்சருக்கு விடியக்காலம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்க. வழியிலயே உசுரு போயிட்டுதாம்" என்றார். முந்தின நாள் மாலைகூட என்னைக் கிண்டலடித்துவிட்டுப் போனவர். எனக்கு அழுகை வருவதற்கு முன் திகில்தான் வந்தது. ஐயோ, அடுத்த மாதம் பரீட்சையாச்சே, அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

டீச்சரை அறிந்த உங்களுக்கு அந்தப் பிள்ளைகளையும் தெரிந்திருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறி, அக்டோபர் தனித்தேர்வுக்காக மாலையில் எங்கள் பள்ளிக்கு வருகிறவர்கள். பிறர் கைகழுவியவர்களைத் தேடித்தேடிச் சேர்த்து டீச்சர் நடத்திய வகுப்பு அது.

அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம். எந்தத் தொழிலாக இருந்தாலும், யாராவது யாருக்காவது கற்றுக்கொடுத்தால் நின்று பார்ப்பார். ஜங்ஷன் ரோட்டில் கார் ஓட்டப் பழக்குகிறவரிடம் கெஞ்சி, ஒரு நாள் பின்சீட்டில் உட்கார்ந்து சுற்றிவிட்டு வந்தார். "பாத்தீங்களா ஐயா, ஸ்டியரிங்கு கத்துக்கறவன் கையில இருக்குது. வாத்தியாரு காலுல ஒரு பிரேக்கு, அவ்வளவுதான். நாமதான் ஸ்டியரிங்க வுடவே மாட்டேங்கறோம்" என்றார். மறுநாளே சாக்பீஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

பீங்கான் பயிற்சிக்கூடத்துக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். புதிதாக மண்ணைக் கலந்தால், அங்கே முதலில் சின்னதாக ஒரு வில்லையைச் சுட்டுப் பார்க்கிறார்கள். வெடித்தால் யாரும் யாரையும் திட்டுவதில்லை, கலவையை மாற்றுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து, வெள்ளிக்கிழமைதோறும் மதிப்பெண் இல்லாத பரீட்சை வைத்தார். எங்கே தவறியது என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொன்னால், தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். குப்பைக்கூடையைப் பார்த்துத் தலைமையாசிரியர் அரண்டுபோனார். "என்னா டீச்சர் இது? தாளக் கிழிச்சி வெளையாடறதெல்லாம் ஒண்ணாங்கிளாஸு புள்ளைங்களுக்கு. இதுங்க ஏற்கனவே ஃபெயிலானதுங்க!"

"அதனாலதாங்க சார். ஃபெயிலுன்னு சொன்னாலே நடுங்குதுங்க. பயம் போனாதான் கணக்கு வரும்."

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. கணக்கு எனக்கு எட்டிக்காய். அது ஊரறிந்த விஷயம். அந்த மக்குத்தனத்தையே பாடக் கருவியாக்கிக்கொண்டார் மகராசி. மாலையானால் என்னைப் பிடித்து முதல் பெஞ்சில் உட்கார வைப்பார். "தமிழையாவுக்குப் புரியற வரைக்கும் வுடாதீங்க. அவருக்கே புரிஞ்சிட்டா, உங்களுக்கு நல்லாவே புரிஞ்சிட்டுதுன்னு அர்த்தம்." பிள்ளைகள் வரிந்துகட்டிக்கொண்டு எனக்குப் பாடம் எடுப்பார்கள். நான் பொய்யாகத் தலையாட்டினால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார்.

அதில் கெட்டிக்காரி கம்மாபுரத்துத் தனலட்சுமி. "அய்யய்யோ, எத்தினி வாட்டி சொல்றது? இந்தப் பக்கம் வந்தா குறி மாறுங்க ஐயா!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். வகுப்பே சிரிக்கும். அவளுடையது நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பம். பீங்கான் தொழில் டிப்ளமோவில் சேரவேண்டும் என்பது அவள் ஆசை. இந்த முறையும் தவறினால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

டீச்சரின் காரியம் முடிந்த மறுநாள் அந்த வகுப்பைத் திறந்தேன். வேறு கணக்கு ஆசிரியர் இல்லையென்று தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் முதல் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். தனலட்சுமி எழுந்து ஒரு கணக்கைப் போட்டாள். நிறுத்தி, நிதானமாக விளக்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புரிந்தது.

"புரிஞ்சிதுங்களா ஐயா?"

"புரிஞ்சிதும்மா."

"விடை செரிதானுங்களே?"

அவள் எனக்குப் புரியவைத்தது சரியான கணக்கா, தப்புக் கணக்கா? எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். "தெரியலியேம்மா" என்றேன். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப நாங்க என்னாங்க பண்றது ஐயா? டீச்சரு இப்பிடி வுட்டுட்டுப் போயிட்டாங்களே" என்று கேட்டு அழுதாள். நானும் அழுதேன். வேறென்ன செய்ய முடிந்தது என்னால்?

டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்த வகுப்பு மட்டும்தான். மூட மனசு வரவில்லை. காப்பாற்றத் தெரியவில்லை. அவர் படத்துக்கு மாலை போட்டுக் கண்கலங்கிய உங்களில் கணக்குப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், பரீட்சை முடியும்வரை மாலையில் யாராவது ஒருவர் வாருங்கள். பாடம் நடத்த வேண்டாம், அதைப் பிள்ளைகளே நடத்திக்கொள்வார்கள். சரி, தப்பு என்று சொல்ல மட்டும் அங்கே ஓர் ஆள் வேண்டும்.