புளித்தண்ணீர் ஊற்றிய கார்

திருப்பதியில் என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கார். கொஞ்ச நாளாக, மேடு ஏறினால் என்ஜின் கொதித்து, சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விடும்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. நகரிப் பக்கத்தில் நான் பிறந்த எங்கள் ஊரை மதராஸோடு சேர்க்கவேண்டும் என்று சொல்வதற்கு ஊரார் என் அப்பாவை, எங்கள் நைனாவைத் தேர்ந்தெடுத்தார்கள். சித்தூருக்கு விசாரிக்க வரும் அதிகாரிகள் முன்னால் நின்று பேச, எங்கள் ஊருக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலைதான். நைனா பஸ்ஸில் போகத்தான் இருந்தார். என் வீட்டுக்காரர் விடவில்லை.

“ஊருக்காகப் பேசப் போறீங்க மாமா, பஸ்ல நசுங்கிக்கினா போவீங்க? நம்ம வண்டி இன்னாத்துக்கு கீது?”

நைனாவுக்கு உள்ளூரப் பெருமை. முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வெந்நீர்த் தவலைக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தால் பெயர்ந்து வரும். காருக்குள்ளும் அதுதான் அடைத்திருக்கிறது என்று டாக்சிக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். கரைத்துக் கொடுத்தேன். அவர் அதை ரேடியேட்டரில் ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, அடியில் திறந்துவிட்டார். பழுப்புத் தண்ணீரோடு வெள்ளைப் பொருக்காகக் கொட்டியது. எங்களுக்கு அதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷம்!

“வயிறு சுத்தமாய்ட்ச்சு. இனிமே மலையே ஏறும்” என்றார்.

விடிந்ததும் கிளம்பினோம். சந்திரகிரி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நைனா முன்சீட்டில், பேசவேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். பாகாலா வருவதற்கு முன் முள் ஏறிவிட்டது. ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் குறையவே இல்லை. ரேடியேட்டரின் மேல் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது ஜில்லுனு கீது மாமா. என்ஜினு மட்டும் நெருப்பா கீது. சுடுதண்ணி இந்தாண்ட வரவே இல்ல. அடைப்பு இங்க இல்ல, நடுவுல.”

என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன மூடி உண்டாம். சூடு ஏறினால் தானாகத் திறந்து தண்ணீரை விடவேண்டும். அதைக் கழற்ற என்ஜின் இன்னும் ஆறவேண்டும். நைனா வெயிலைப் பார்த்தார்.

அந்த நேரம் சித்தூர் பஸ் வந்தது. இவர் ஓடிப்போய்க் கை காட்டினார். “ஏறிடுங்க மாமா!”

“மாப்ளைய நடு ரோட்டுல வுட்டுட்டு மாமனாரு பஸ் ஏறுனான்னு ஊர்ல சிரிக்கவா? நீங்க பாருங்க, ஆய்டும்.”

நின்ற பஸ் போய்விட்டது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் மரியாதை அப்படி. “நைனா, நீங்க போங்க” என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இவர் அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்து, டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் கேட்டு, சூட்டில் திறக்கிறதா என்று பார்க்க அதில் போட்டார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஏமப்பா, கார வேகவெச்சு துன்னப் போறியா?”

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அந்த மூடி அசையவே இல்லை. பிடித்துக்கொண்டுவிட்டது. புளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை எடுத்துவிட்டு, அது இல்லாமலே மூடினார். அப்புறம் வண்டி ஜோராக ஓடியது. முள் பாதிகூட ஏறவில்லை.

சித்தூரில் விசாரணை நடந்த கட்டிடத்தில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தா அயிபோயிந்தி பெத்தாயனா” என்றான் பியூன். எல்லாம் முடிந்துபோயிற்று. அதிகாரிகள் ஜீப் ஏறிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது நைனா காருக்குள் திடீரென்று பேச ஆரம்பித்தார். “அய்யா, எங்க சந்த திருத்தணியில. பொண்ணு குடுக்கறதும் எடுக்கறதும் அந்தாண்ட. எங்க ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வா தலப்பும் அந்தாண்ட. எல்லக் கோட்ட நடுவுல போடாதீங்கய்யா.” கடைசி வரைக்கும், ஒன்று விடாமல், கணீரென்று சொன்னார். இவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பின்சீட்டில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன்.

கோடு போட்டபோது திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. எங்கள் ஊர் ஆந்திராப் பக்கமே நின்றது. நைனா பேசியிருந்தால் மாறியிருக்குமோ என்னவோ. சொல்லவேண்டியதைச் சொன்னோம் என்ற ஆறுதலாவது அவருக்கு இருந்திருக்கும்.

செய்தி வந்த வாரம் நைனா எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் அவர் முன்னால் உட்காரக் கூசிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். நைனா காரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இப்ப சூடாவலியே, மாப்ளே?”

“இல்ல மாமா.”

சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் இலையைப் போட்டேன்.