படம் வராத எட்டு நாட்கள்

பிணவறையின் பதிவு அறையில் பத்தொன்பது வருடமாக ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் பதிவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் ஆஸ்பத்திரி என்பாள். எந்த வார்டு என்று தோண்டித் துருவினால், "யாரும் குறை சொல்லாத வார்டு" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவள் கணவனுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அடையாளம் தெரியாமல் வரும் உடலுக்கு எண் கொடுத்து, முகத்தைப் படம் பிடித்து, வயது, உயரம், தழும்பு, உடுப்பு என எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்களுக்குப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். நாற்பது நாளில் யாரும் வராவிட்டால் உடலைப் புதைத்துவிடுவார்கள்.

படங்கள் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிறைந்துபோனது. ஆறு அலுவலகங்களைக் கவனித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரர் வந்து, பெட்டியைத் திறந்து இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டினார்.

"உங்க புரோகிராம் டி டிரைவ்லதான் படத்தைப் போடும்க்கா, அங்கதான் தேடும். அதனால புதுசுக்கு டி குடுத்துட்டேன். பழசை இ-ன்னு மாத்திட்டேன். ஒண்ணும் அழியல."

ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். திரையில் வந்தது. வேலை முடிந்ததென்று சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பழைய பதிவு ஒன்றையும் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மறுநாள்தான் கவனித்தாள். பழைய பதிவுகளில் எழுத்து இருந்தது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டாள். அடுத்த வாரம் வருகிறேன் என்றார். அதிகாரியிடம் சொன்னாள். "விவரம் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றுவிட்டு அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் ஒரு வெல்டர் வந்தார். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய தம்பியைத் தேடி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தம்பிக்கு வயது இருபத்தொன்பது. படம் தெரிந்த பதிவுகளில் அவன் இல்லை. தெரியாதவற்றை அவள் வாய்விட்டுப் படித்தாள். ஒன்றில், 'வயது நாற்பது இருக்கலாம்' என்று அவளே எழுதியிருந்தாள்.

"நாப்பதா? அப்ப இவன் இல்லம்மா." வெல்டரின் முகம் தெளிந்தது. "உசிரோடதான் எங்கயோ சுத்திட்டு இருக்கான். வரட்டும், பேசிக்கிறேன்."

அந்த உடல் இருபது அடி தள்ளி, குளிர் அறைப் பெட்டி ஒன்றில் இருந்தது. பெட்டியைத் திறந்து காட்ட அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவர் வர இரண்டு மணி நேரமாகும். காத்திருங்கள், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தில் வந்த நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை. போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தாள்.

ஏழாம் நாள், நாற்பது நாள் முடிந்த மூன்று உடல்களைப் புதைக்க வண்டியில் ஏற்றிப் போனார்கள்.

எட்டாம் நாள் அவளுக்குப் பொறுமை போயிற்று. கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். "நீங்க வரவேண்டாம், போன்லயே சொல்லுங்க, நானே பண்றேன்" என்றாள்.

"ஒரே எழுத்தை ரெண்டுக்குக் குடுக்க முடியாதுக்கா. முதல்ல புதுசுகிட்ட இருந்து டி-யைப் பிடுங்கி எஃப் குடுங்க. அப்புறம் பழசுக்கு டி-யைத் திருப்பிக் குடுங்க. புதுப் படத்தையெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன்."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முகங்கள் வந்தன. 'நாற்பது இருக்கலாம்' என்று எழுதிய பதிவையும் திறந்தாள். பட்டினியில் கன்னம் ஒட்டிப்போன முகம். மூக்குக்கு மேலே புருவம் இரண்டும் கூடியிருந்தன, வெல்டருக்கு இருந்ததைப் போலவே. எண்ணைப் பார்த்தாள்; முந்தின நாள் புதைக்கக் கொண்டுபோன மூன்றில் ஒன்று.

வெல்டருக்குப் போன் செய்தாள். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நான் வந்த அன்னைக்கு இவன் எங்க இருந்தான்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் குளிர் அறையின் கதவைக் காட்டினாள். "அதுக்குப் பின்னால. காட்டியிருக்கலாம். நான்தான் காட்டல."

வெல்டர் சத்தம் போடவில்லை. கதவையே பார்த்தபடி நின்றார். "எங்கம்மாகிட்ட உயிரோட இருக்கான்னு சொல்லிட்டேனே" என்றார்.

கருவிக் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றார் அதிகாரி. அவள் நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினாள், பெட்டியைத் திறக்காததையும் சேர்த்து. கம்ப்யூட்டர்காரருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனது. அவளை வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் ஜன்னலுக்கு மாற்றினார்கள்.

"உன்னை யாரு எழுதச் சொன்னது? உனக்கு நீயே குழி தோண்டிக்கிட்டியே" என்றான் கணவன். சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

உடலைத் தோண்டி எடுக்க வெல்டருக்கு அனுமதி கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. தோண்டும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளும் இடுகாட்டுக்குப் போனாள். வெல்டர் அவளைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. படிவத்தில் இரண்டாவது சாட்சிக்கு ஆள் இல்லை என்று குமாஸ்தா சுற்றுமுற்றும் பார்த்தபோது, அவளே முன்னால் போய்க் கையெழுத்திட்டாள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாரா என்று அவளுக்குக் கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்காமல் பேனாவைக் குமாஸ்தாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.