தறிக்காரர் வீட்டுப் பாட்டுச் சத்தம்

அந்த இரண்டு பெட்டிகளும் டெம்போவிலிருந்து இறங்கியபோது, பக்கத்து வீட்டுக்குப் புது பீரோ வருகிறது என்றுதான் நினைத்தேன். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலே கம்பளி போர்த்தியிருந்தது. ஒவ்வொன்றையும் நான்கு பேர் பிடித்து, "மெல்லங், மெல்லங்" என்று மாப்பிள்ளையை இறக்குவதுபோல இறக்கினார்கள். கம்பளியை விலக்கியதும் முன்பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவை என்னவென்று எங்கள் சந்துக்கே தெரிந்துபோயிற்று.

ஆர்.எஸ்.புரத்தின் பின்புறச் சந்து அது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் பல்லடத்தில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறிகளை விற்றுவிட்டு, ஓய்வாக இருக்கலாமென்று இங்கே வீடு வாங்கி வந்தார். சந்தில் எல்லோருக்கும் அவர் தறிக்காரர்தான். மகனோ மருமகனோ வாங்கிக் கொடுத்த அந்த ஆம்ப்ளிபயரையும் பெட்டிகளையும் காலை ஒன்பதுக்கு ஆன் செய்தாரென்றால் பன்னிரண்டு வரைக்கும் நிறுத்தமாட்டார். எங்கள் சன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும். ஷெல்பில் அடுக்கிய தட்டுகள் தாமாகவே நகரும். அவர் மனைவி அந்த மூன்று மணி நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்விடுவார். அவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். பட்டுக்கடைகளில் சேலை எடுத்த கையோடு நேராக என்னிடம் வருவார்கள். அளவெடுக்கும்போது அவர்கள் சொல்வது எனக்குக் கேட்காது, நான் கேட்பது அவர்களுக்குக் கேட்காது. ஒருநாள் கல்யாணப் பெண் ஒருத்தி தன் இடுப்பளவைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டு சட்டென்று முடிந்துவிட, அளவு மட்டும் சந்து முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் அழாத குறையாகப் போனாள். அன்றைக்கே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்து வியாதி ஒன்று உண்டு. குறை சொல்லப் போனால் முதலில் சௌக்கியம் விசாரிப்போம், கொடுத்த காப்பியைக் குடிப்போம், எழுந்து வரும்போது சொல்லலாம் என்று இருந்துவிட்டுச் சொல்லாமலே வந்துவிடுவோம். நானும் காப்பி குடித்தேன். அவராகவே, "ஏனுங் அம்மணி, பாட்டு உங்க ஊட்டுக்கு நல்லாக் கேக்குதுங்களா?" என்றார். இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. நான் என்ன சொன்னேன்? "நல்லாக் கேக்குதுங்க" என்றேன். குத்தலாகச் சொன்னதாக என் எண்ணம். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு பெட்டியை எங்கள் சன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார், நான் இன்னும் வசதியாகக் கேட்கட்டுமென்று.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதையாகத்தான் இருந்தது, அப்பாவை என் வீட்டுக்கு அழைத்து வரும்வரை.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கோயம்புத்தூரிலிருந்து பல்லடம், காங்கயம் வழியாக வெள்ளகோவில் போகிற பஸ். பின்படியில் நின்று அவர் கூப்பிட்டால் முன்சீட்டில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார். தொண்டையில் புற்று வந்து, குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை போட்டு, மூச்சு அந்த வழியாகத்தான். பிழைத்தார், பேச்சு போய்விட்டது. கழுத்தில் வைத்து அழுத்தினால் குரல் எழுப்புகிற ஒரு பாட்டரிக் கருவியைக் கொடுத்து, தினமும் காலையில் அமைதியான இடத்தில் இரண்டு மணி நேரம் பழக வேண்டும், பழகினால் பேச்சு வரும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அம்மா சொல்லி அனுப்பினார். அமைதியான இடம்! எனக்கு அங்கேயே சிரிப்பும் அழுகையும் வந்தது.

அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. கருவியின் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டார். எழுதிக் காட்டுங்கள் என்று நோட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் எழுதினார், இரண்டாம் வாரம் நோட்டை விசிறி எறிந்தார். வாயை மட்டும் அசைப்பார். நான் ஓடிப்போய் அவர் உதட்டருகே காதை வைத்துக் கேட்பேன். காற்றுகூட வராது. கழுத்துத் துளையிலிருந்து புஸ், புஸ் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவர் துண்டால் கழுத்தைப் பொத்திக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவார். பக்கத்து வீட்டுப் பாட்டு மட்டும் இல்லையென்றால் எனக்கு ஏதாவது கேட்டிருக்கும் என்று உறுதியாக நம்பினேன்.

இந்த முறை காப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றபடியே அப்பாவின் நிலைமையைச் சொன்னேன். தறிக்காரர் பதறிப்போனார். "அடடா, தெரியாமப் போச்சுங்களே அம்மணி" என்று அப்போதே உள்ளே போய்க் குறைத்தார். சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அப்பாவைப் பார்க்க வந்தார். மறுநாள் அப்பா சட்டை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். அப்புறம் தினமும் போனார். நான்கு நாளில் பாட்டுச் சத்தம் பழையபடி ஏறிவிட்டது. பழையபடி என்ன, முன்பைவிட அதிகம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த நோயாளியையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு காதைக் கிழிக்கிறாரே, இவரெல்லாம் என்ன மனிதர்? சன்னல் வழியாகப் பார்த்தால் நாற்காலியில் அப்பாவின் முதுகு தெரியும். இரண்டு மணி நேரப் பயிற்சி அங்கே பாழாகிக்கொண்டிருந்தது. வேண்டாமென்று சொன்னால் அப்பா என்னைப் பார்க்காதது மாதிரி செருப்பைப் போட்டுக்கொண்டு போவார். மூன்று வாரம் பொறுத்தேன். ஆஸ்பத்திரியில், "வீட்டில் பழகவே இல்லையா?" என்று அந்தப் பயிற்சி அம்மா என்னைத்தான் திட்டினார். திரும்பி வந்து அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு நேராகத் தறிக்காரர் வீட்டுப் படியேறினேன்.

"எங்கப்பாவுக்குப் பேச்சு வராமப் போச்சுன்னா அதுக்கு நீங்கதான் காரணம்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பது எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. கடைசியில், "செரிங் அம்மணி. இனிச் சத்தம் வராதுங்க" என்றார்.

வரவில்லை. அந்த வாரத்திலேயே பெட்டிகள் இரண்டும் வீட்டைவிட்டுப் போயின. வெள்ளகோவிலில் இருந்த அவருடைய தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அப்பா ஒருநாள் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். அதன் பிறகு போகவில்லை. நான் நினைத்த அமைதி கிடைத்துவிட்டது. தையல் மிஷினை நிறுத்தினால் கடிகார முள் நகர்வது கேட்கும், அப்பாவின் கழுத்துக் காற்றும் கேட்கும். கருவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். திரும்பத் தலையணைக்கு அடியில் போய்விட்டது. எதையோ மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கம்போலக் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் புரியாமல், "செரிங்கப்பா, செரிங்கப்பா" என்றேன். அப்படிச் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு மாதம் போயிற்று. யார்மேல் எரிச்சல்படுவது என்று தெரியாமல் தைத்த பிளவுஸ்களையே பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

மருந்துக்கடையில்தான் தறிக்காரரை மறுபடி நேருக்கு நேர் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தார். நானே போய்ச் சௌக்கியம் கேட்டேன்.

"அப்பா பேசறாருங்களா?" என்றார்.

"எங்கீங்க... ஒண்ணும் வரமாட்டேங்குதுங்க."

"எங்கூட நல்லாப் பேசிட்டுத்தானுங்க இருந்தாரு. காங்கயத்துல ஆரு ஏறுவாங்க, செக்கிங் வந்தா எப்பிடி, எல்லாஞ் சொன்னாருங்க. சிரிச்சு முடியாதுங்க."

அவ்வளவு சத்தத்தில் எப்படிக் கேட்டது என்று கேட்டேன்.

"எனக்கு எங்கீங்க காது? தறி குடோன்லயே போயிருச்சுங்க. பாட்டே நெஞ்சுல அடிச்சாத்தான் எனக்குத் தெரியும். முப்பது தறி ஓடறப்ப ஆரு பேசறதும் ஆருக்கும் கேக்காதுங்க அம்மணி. வாயப் பாத்துத்தான் பேசிக்குவோம். அப்பா பேசறது எனக்கு மத்தவிய பேசறத விடச் சுளுவுங்க. அவசரமில்லாம, தெளிவா அசைப்பாருங்க."

அவரே தொடர்ந்தார். "நீங்க சொன்னப்பறம் கொறச்சுத்தான் வெச்சிருந்தனுங்க. ஏத்தச் சொன்னது அப்பாதானுங்க. கழுத்துல காத்துப் போற சத்தம் அவருக்கே சங்கட்டமா இருக்குதாம். பாட்டுச் சத்தத்துல அது ஆருக்கும் கேக்காதில்லீங்களா? பொட்டியக் குடுத்தப்பறம் ஒருக்கா வந்தாரு. வந்ததும் கழுத்தப் பொத்திக்கிட்டாரு. போயிட்டாரு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றேன். கிட்டத்தட்டக் கத்தினேன்.

"அப்பாவ எப்பிடீங்க மககிட்டக் காட்டிக் குடுக்கறது? மருவாதியா இருக்குங்களா?" என்றார்.

அவர் மரியாதை அவர் வாயைக் கட்டியது. என் மரியாதை பேச வேண்டிய நாளில் என் வாயைக் கட்டிவிட்டு, பேசக் கூடாத நாளில் அவிழ்ந்துவிட்டது. இன்றைக்கு அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓசையில்லாமல் வேலை பார்க்கிறார்கள். தறிக்காரர் மகளோடு இருக்கப் பல்லடத்துக்கே போய்விட்டார். அப்பா இறந்தும் இரண்டு வருடம் ஆகிறது. அந்த மருந்துக்கடைப் பேச்சுக்குப் பிறகு அவர் சில மாதங்கள் இருந்தார். காப்பி, மாத்திரை, ஃபேன் எல்லாவற்றையும் அவர் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்ள நான் கற்றுக்கொண்டேன். அதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம். என் நினைவில் நிற்பது அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியதும் நடந்ததுதான்.

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். சன்னல் திரையை விலக்கி, அவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்து, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் வாயைப் பார்த்து, "இப்ப சொல்லுங்கப்பா" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததையே கேட்டார். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை உதடுகள் சேர்ந்து பிரிந்ததில் 'பாட்டு' என்பது மட்டும் தெரிந்தது. மூன்றாம் தடவை, நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல அசைத்தார். பாட்டை நிறுத்தச் சொன்னது யாரு?

"நாந்தானுங்கப்பா" என்றேன்.

அப்பா மெல்லப் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கழுத்திலிருந்து காற்று வேகவேகமாக வந்தது, தாடை அசைவது பின்னாலிருந்து தெரிந்தது. என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை அவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.